கூரை மேல கடனேத்தும் மருமவனுக்கு

வா மருமவனே, திண்ணையில உக்காரு. கோயம்புத்தூர் வீட்டுக்கடனை வேற பேங்குக்கு மாத்தி, அது மேல ஏழு லட்சம் டாப்-அப் வாங்கி, பேரனை இன்ஜினியரிங்ல சேக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். வீடு சும்மாத்தானே நிக்கி? அதுவும் கொஞ்சம் பாடுபடட்டும்.

கூட்டுறவுச் சங்கத்துல பயிர்க்கடன் பேரேடு எழுதியே தலை நரைச்சவன் நான். கணக்குன்னா நாக்கு அரிக்கும், பொறுத்துக்கோ.

"வட்டி கம்மி மாமா"ங்கே. கம்மிதான், யாரு இல்லைன்னா? 2025-ல ரிசர்வ் பேங்க் ரெப்போ வட்டியை 6.5-லேருந்து 5.25-க்கு இறக்கிட்டு, வீட்டுக்கடன் வட்டியும் கூடவே இறங்கிட்டு. சரி, டாப்-அப்புக்கு எட்டரை, கல்விக்கடனுக்குப் பத்தரைன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிடுவோம். ஏழு லட்சத்தை எட்டரையில இருவது வருசம் கட்டுனா மாசம் 6,075 ரூபாதான். நீங்க ஞாயித்துக்கிழமை பிரியாணிக்குக் குடுக்குத காசு! ஆனா கடைசியில கூட்டிப் பாத்தா வட்டி மட்டும் 7.58 லட்சம். தாயை விடக் குட்டி பெருசு.

பேரன் பேருல கல்விக்கடன் வாங்குனா? வருசத்துக்கு 1.75 லட்சம், நாலு வருசம். படிக்குத காலமும் அதுக்கு மேல ஒரு வருசமும் தவணை கிடையாது, சாதா வட்டி மட்டும் ஏறும். பெறகு அதையும் அசலோட சேத்து ஏழு வருசத்துல அடைக்கான், மாசம் 16,140 வாக்குல. மொத்த வட்டி 6.56 லட்சம். வட்டி வீதம் ரெண்டு கூட, கட்டுத வட்டி ஒரு லட்சம் கம்மி. இது எப்படின்னு உன் பேங்க் மேனேஜர்கிட்ட கேளு, டீ வாங்கிக் குடுத்துப் பேச்சை மாத்துவாரு.

நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா, அதையும் சொல்லிருதேன். அதே டாப்-அப்பைப் பத்து வருசத்துல முடிச்சா மாசம் 8,679, வட்டி 3.41 லட்சத்தோட போச்சு. அப்ப நீதான் கெட்டிக்காரன். முடிப்பியா? போன பொங்கலுக்கு "இந்த வருசத்தோட கார் கடன் முடியுது மாமா"ன்னே. முடிஞ்சுது, வாஸ்தவம். இப்ப வாசல்ல நிக்குதே, அது என்ன, பழைய காரா?

இன்னொண்ணு பாரு. கல்விக்கடன் காசு நேரா காலேஜ் கணக்குக்குப் போயிரும், உன் கண்ணுலயே படாது. டாப்-அப் உன் கணக்குல வந்து விழும். ஏழு லட்சம் கணக்குல கிடக்கது தெரிஞ்சா உன் கொழுந்தியா வீட்டுச் சடங்குக்குச் சீர் கூடும், ஹாலுக்கு டிவி பெருசாகும். மூணாம் வருசம் பீஸ் கட்டுத அன்னைக்கு அந்த டிவியில நல்லா நியூஸ் பாப்பே.

வீடு என்ன பாவம் செஞ்சுதுன்னு கேக்கேன். மூணு மாசம் தவணை நின்னா வாராக்கடன். 2002-ல போட்ட சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அப்பவும் கட்டலைன்னா கோர்ட்டுல வழக்குப் போடாமலே வீட்டுல கை வைக்கலாம். கல்விக்கடன்ல 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கிடையாது. அரசாங்க உத்தரவாத நிதி இருக்கு, தாய் தகப்பன் கூட்டா கையெழுத்துப் போட்டாப் போதும். ஏழரைன்னாலே நமக்குச் சனி ஞாபகந்தான் வரும். இந்த ஏழரை மட்டும் உன் வீட்டை எட்டிப் பாக்காது. அதுக்காகப் பய கட்டாம விட்டா உன்னையும் கேப்பாங்க, ரெண்டு பேரு சிபிலும் சேந்தே நாறும்.

பேங்கை மாத்துதது ஓசியா? மாறுத வட்டியில இருக்க வீட்டுக்கடனை முன்னக்கூட்டி அடைச்சாப் பழைய பேங்க்காரன் அபராதம் போட முடியாது, அது சரி. புதுப் பேங்க்காரன் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், சார்பதிவாளர் ஆபீஸ்ல பழைய அடமானத்துக்கு ரசீதுப் பதிவு, புதுசுக்கு மறுபடி பத்திர ஒப்படைப்புப் பதிவுன்னு வரிசையா நிப்பாட்டுவான். இப்ப இருக்க பேங்குலயே ஒரு மனு எழுதி, சின்னக் கட்டணம் கட்டி வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டியா? கேக்கமாட்டே. உனக்கு மனு எழுதுதது கவுரவக் குறைச்சல்.

வரியும் பாத்துக்கோ. பழைய முறையில கட்டுதவனா இருந்தா கல்விக்கடன் வட்டி பூராவையும் எட்டு வருசம் வருமானத்துல கழிச்சுக்கிடலாம், உச்சவரம்பு இல்லை. டாப்-அப் வாங்கிப் படிக்க வச்சா அது கிடையாது. புது முறைன்னா ரெண்டுக்கும் நாமம்தான்.

ஆகமொத்தம், பேரனைக் கூட்டிக்கிட்டு வித்யாலட்சுமி இணையதளத்துல கல்விக்கடனுக்கு மனுப் போடு. வட்டியை மட்டும் படிக்குத காலத்துலயே மாசாமாசம் நீ கட்டிட்டு வா. தகப்பன் கடமை அது போதும், அசல் அவன் பாடு. "பிள்ளை தலையில கடனா"ன்னு உன் பொண்டாட்டி அழுவா. அழட்டும். சம்பளம் வந்ததும் பய முதல்ல வாங்கப் போறது புல்லட்டு. அதுக்கு முந்தி இந்தக் கடன் இருந்தா நல்லதுன்னு அவகிட்டச் சொல்லு.

டாப்-அப் வேணுமான்னு பேங்குலேருந்து கூப்பிடுத பொண்ணு மறுபடி போன் பண்ணா என் நம்பரைக் குடு. இந்த ஓட்டு வீட்டு மேல எவ்வளவு தருவாங்கன்னு எனக்கும் கேக்கணும். நத்தத்து இடம், பட்டா இன்னும் எங்க அப்பா பேருல இருக்கு, பங்காளிங்க பதினோரு பேரு. ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி முடிக்க எனக்கும் சாயங்காலம் ஆயிரும், பொழுதும் போகும்.