ஏரிக்குப் பட்டா இல்லை

செவ்வாய்க்கிழமை காலையில் புதுவாயலில் சாலையைக் கடக்க நினைப்பவர் வீட்டில் சொல்லிக்கொண்டு வருவது நல்லது. ஒருபக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகும் டிரெயிலர்கள். மறுபக்கம் சிறுவாபுரி முருகனைப் பார்க்கப் போகும் கார்களும் வேன்களும். ஆறு செவ்வாய் விடாமல் வந்து கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. கோயில் பக்கம் கல்லின்மேல் கல்லாக அடுக்கி வைத்திருப்பார்கள். சில அடுக்குகளுக்கு மாடி கூட உண்டு. வங்கிக்காரன் கைவிரித்த பிறகு வந்தவர்களாக இருக்கும்.

எங்கள் முருகன் வீடு கொடுக்கிற சாமி. எடுப்பதற்கு வேறு சந்நிதி இருக்கிறது. அதற்கு டிட்கோ என்று பெயர், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனம்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் எங்கே என்று தேடியபோது கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு ஊர்கள்: எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூர், காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர். 2022 ஆகஸ்டில் பரந்தூருக்குப் பரிசு விழுந்தது. பன்னூரைவிட அங்கே வீடுகள் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வீட்டை நெருக்கிக் கட்டாமல் வயலையும் ஏரியையும் விட்டுவைத்தது அந்த ஊர்க்காரர்கள் செய்த முதல் தப்பு. நம் முன்னோர்களுக்குத் தொலைநோக்கு இருந்திருந்தால் ஏரி வெட்டிய கையோடு அதன் நடுவில் நாலு மாடி வீடு கட்டியிருப்பார்கள்.

பரந்தூரைப் ‘பறந்தூர்’ ஆக்க எழுத்தில் பார்த்தால் ஒரு ரகரத்தை றகரமாக்கினால் போதும். அரசாங்கக் கணக்கில் அதற்கு 5,746 ஏக்கர் வேண்டும். செலவு முதலில் 20,000 கோடி என்றார்கள், பிறகு 27,400 கோடி என்றார்கள். ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் வருவார்களாம். இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையம் கையாளுவது இரண்டு கோடிக்குக் கொஞ்சம் மேல். மிச்சப் பேர் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டால் நீ வளர்ச்சிக்கு எதிரி.

இடத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீர்நிலை. ஏரி, குளம், தாங்கல், கால்வாய். பட்டா நிலத்துக்கு மூன்றரை மடங்கு விலை தருவதாக அமைச்சர்கள் சொன்னார்கள். ஏரிக்கு எத்தனை மடங்கு? ஏரிக்குப் பட்டா இல்லை. அது புறம்போக்கு. அரசாங்கத்தின் ஏரியை அரசாங்கமே அரசாங்கத்துக்குக் கொடுத்துவிடும். கலங்கல் வாய்திறந்து ஆட்சேபணை மனு எழுதப் போகிறதா, மதகு நீதிமன்றப் படி ஏறப் போகிறதா?

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நடந்த வரிசை. முதலில் இடத்தை அறிவித்தார்கள். அதன்பிறகுதான் அங்கே இருக்கும் நீர்நிலைகளை என்ன செய்யலாம் என்று ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் குழு அமைத்தார்கள். தாலி கட்டி, பந்தி போட்டு, தாம்பூலமும் கொடுத்தனுப்பிய பிறகு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போகிற குடும்பம் இது. பொருத்தம் இல்லை என்று அவர் சொன்னால் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஜோசியருக்குத் தட்சணை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கொஞ்சம் தண்ணீர் வழியாகவே நடந்து பார்ப்போம். பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு போகும் கம்பன் கால்வாய் இந்த இடத்துக்குள்தான் ஓடுகிறது. அது ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. அங்கே மிஞ்சினால் செம்பரம்பாக்கம். செம்பரம்பாக்கம் மிஞ்சினால் அடையாறு. அடையாறு எங்கே போகிறது? மீனம்பாக்கத்தில், இரண்டாவது ஓடுதளத்தின் அடியில். ஆற்றின்மேல் பாலம் போட்டு, பாலத்தின்மேல் விமானம் ஓட்டுகிற ஊர் நம் ஊர். 2015 டிசம்பரில் அந்த ஆறு பாலத்துக்கு மேலே ஏறி வந்து என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனது. நாள்கணக்கில் விமான நிலையத்தை மூடினார்கள். விமானச் சக்கரங்கள் தண்ணீரில் மூழ்கி நின்ற படத்தை உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் ஓடுதளத்தில் தண்ணீர், மறுபடியும் மூடல்.

இதிலிருந்து நாம் கற்ற பாடம்: இந்த முறை ஆற்றின்மேல் கட்டக் கூடாது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் அனுப்புகிற ஏரிகளின் மேலேயே கட்டிவிட வேண்டும். தலைவலிக்கு வேரிலேயே வைத்தியம்.

இருக்கிற விமான நிலையத்தைப் பராமரித்த அழகும் நினைவிருக்கும். 2013-ல் 2,000 கோடிக்கு மேல் செலவழித்துத் திறந்த முனையங்களில் கண்ணாடி விழ ஆரம்பித்தது. மேற்கூரைப் பலகையும் விழுந்தது. நாளிதழ்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்ணின: அறுபதாவது முறை, எழுபதாவது முறை. சதம் அடிப்பார்களா என்று டீக்கடையில் பந்தயம் கட்டாத குறை.

மீனம்பாக்கத்துக்கு மூச்சு முட்டுகிறது, மறுக்கவில்லை. இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் ஊர், நகர இடமில்லை. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் விமான நிலையம் என்று எழுதிய பலகையை நட்டால் விமானம் தானாக வந்து இறங்கும் என்று நம்புகிறவர்களுக்குச் சேலத்தைக் காட்ட வேண்டும். 1993-ல் திறந்தார்கள். விமானம் வந்தது, நின்றது. சிறிய ஊர்களுக்கும் விமானம் விடும் ஒன்றிய அரசின் உடான் திட்டத்தில் 2018-ல் மறுபடி வந்தது, 2021-ல் மறுபடி நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. நூறு நாள் வேலைத்திட்டத்தில் கூட இதைவிட ஒழுங்காக ஆள் வருவார்கள். ஹவாய் செருப்புப் போட்டவனும் விமானத்தில் ஏறுவான் என்று முழங்கிய அதே உடானைத்தான் 2023-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்தார். கொடுத்த வழித்தடங்கள் 774. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கியவற்றில் மூன்று ஆண்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தவை 54. ஹவாய் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது.

இன்னும் கொஞ்சம் தெற்கே, இலங்கையில், அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தள என்று ஒரு சர்வதேச விமான நிலையம். 2013-ல் திறந்து ராஜபக்சவின் பெயரை வைத்தார்கள். 20 கோடி டாலருக்கு மேல் செலவு. உலகிலேயே காலியான விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. ஓடுதளத்துக்கு வரும் யானைகளையும் மான்களையும் விரட்டப் பட்டாளத்தை இறக்கினார்கள். சரக்கு முனையத்தில் கடைசியில் எதைப் போட்டு வைத்தார்கள் தெரியுமா? நெல். அவர்கள் விமான நிலையத்தை நெற்களஞ்சியம் ஆக்கினார்கள். நாம் நெற்களஞ்சியத்தை விமான நிலையம் ஆக்குகிறோம். எடுக்கிற நிலத்தில் ஓர் ஊரின் பெயரே நெல்வாய்.

எங்கள் வட்டாரத்துக்கும் ஓடுதள அனுபவம் இல்லாமல் இல்லை. செங்குன்றம் போகும் வழியில் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளைக்காரன் ஒன்று போட்டான். சண்டை முடிந்ததும் விமானம் போய்விட்டது, கார் பந்தயம் வந்தது. சோழவரம் பந்தயம் என்று வெகுகாலம் கொண்டாடினார்கள். இப்போது எங்களுக்கு விமான நிலையம் இல்லாத குறையைக் காட்டுப்பள்ளித் துறைமுகம் தீர்த்துவைக்கிறது: 330 ஏக்கரை 6,111 ஏக்கராக்க அதானி நிறுவனம் திட்டம் போட்டிருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். தச்சூர் வழியாக 133 கி.மீ. எல்லைச் சாலை. அதற்கும் வயல்தான். எல்லாம் வருகிறது. அத்திப்பட்டைத் தாண்டினால் இருக்கிற இரண்டே தண்டவாளத்தில், எக்ஸ்பிரஸ் போகும்வரை வழியில் நின்றுகொண்டிருக்கும் கும்மிடிப்பூண்டி யூனிட் வண்டி மட்டும் வரவில்லை.

பரந்தூர்த் திட்டத்துக்காக எடுக்கப்படும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்தில் வயல் வேலை முடிந்து வந்து இரவு இரவாக உட்கார்ந்து போராடினார்கள். கிராமசபையில் தீர்மானத்துக்குமேல் தீர்மானம் போட்டார்கள். கிராமசபையே இறுதி அதிகாரம் என்று மேடையில் பேசியவர்கள் அந்தத் தாள்களில் பஜ்ஜி மடித்தார்களா தெரியவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள், வாக்குச்சாவடி ஈயோட்டியது. அந்த ஜூனில், ஆந்திராவுக்கே குடிபோகிறோம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊர் வழியாக வந்தால், எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிக்குத் தனி வரிசை உண்டு, சொந்த மாநிலத்து அகதிக்கு எந்த வரிசை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போராட்டம் ஆயிரம் நாளை நெருங்கிய 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. எல்லாவற்றிலும் முட்டிக்கொள்கிற டெல்லியும் சென்னையும் இதில் மட்டும் சம்பந்தி மாதிரி கைகோத்தன. 2018-ல் சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது விவசாயிக்காகக் கண்ணீர் விட்ட கட்சி ஆட்சிக்கு வந்ததும் கண் துடைத்துக்கொண்டது. அன்று எடுத்த கட்சி இன்று பரந்தூருக்காகக் கண்ணீர் விடுகிறது. கைக்குட்டை ஒன்றுதான், கை மாறுகிறது.

போன செவ்வாய் சிறுவாபுரியில் ஓர் அம்மா கல் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது கல் நிற்காமல் சரிந்தது. மறுபடி எடுத்து வைத்தார். வீடு வேண்டும் என்றால் இப்படி அடுக்க வேண்டும், நிலம் வேண்டும் என்றால் இன்னது செய்ய வேண்டும் என்று பக்கத்துப் பூக்காரர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கிற வீட்டை விட்டுவை என்று கேட்பவர்கள் எப்படி அடுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அப்படி யாரும் இதுவரை வந்து கேட்டதில்லையே சார் என்றார்.