எல்லாம் ஒரே இன்ஜின்தான் சார்

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழும் மந்திரம், 1248 சிசி. ஃபியட்டின் மல்டிஜெட். மாருதியில் அதன் பெயர் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட். "எல்லாம் ஒரே இன்ஜின்தான் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார் புரோக்கர். நாம் கண்ணை மூடினால் அவருக்குத்தான் வசதி.

ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன், சாதா டர்போ. எர்டிகாவில் 90, அதன் டர்போவுக்குள் அசையும் இதழ்கள் உண்டு. கரி படிந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். ஆர்சி புத்தகத்திலோ இரண்டுக்கும் அதே 1248. டாடா விஸ்டா இன்னும் குசும்பு: குவாட்ராஜெட்டும் உண்டு, டாடாவின் சொந்த 1405 சிசி டீசலும் உண்டு. பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். அது ஆக்சஸரீஸ் கடையிலேயே கிடைக்கிறது.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கலகலவென்று அதுவே சொல்லிவிடும். என்ன, நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டி எப்படியோ சூடாகியிருக்கும். கேட்டால், "உங்களுக்காகத்தான் சார், ஏசி போட்டு வெச்சேன்."