சும்மா விலை கேட்போர்: கும்மிடிப்பூண்டி வட்டாரக் குதிரை விற்பனையை முன்வைத்து ஓர் ஆய்வு

குதிரை வியாபாரத்தில் ஏமாற்றுகிறவர் விற்பவர்தான் என்பது நம் சட்டமும் புராணமும் சேர்ந்து எடுத்துவிட்ட முடிவு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவில், வாங்குகிறவரே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைப் பொது விதியாக வைக்கிறது. திருவிளையாடலோ நரியைப் பரியாக்கி அரிமர்த்தன பாண்டியனின் லாயத்தில் கட்டிவிட்டு, இரவோடு இரவாக ஊளையிட வைக்கிறது. இரண்டிலும் குற்றக் கூண்டு விற்பவருக்கு. ஆனால் அதே கதையின் முற்பகுதியை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. கருவூலப் பொன்னோடு குதிரை வாங்கப் போன அமைச்சர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பொன் முழுவதையும் திருப்பணிக்குச் செலவிட்டார். தமிழுக்கு அதனால் மாணிக்கவாசகர் கிடைத்தார். அதில் நமக்குக் குறையில்லை. துறைமுகத்தில் கொள்ளு வைத்துக் காத்திருந்திருக்கக்கூடிய வியாபாரிகளைப் பற்றி மட்டும் யாரும் ஒரு பதிகம் பாடவில்லை.

காத்திருந்தவர்களின் அந்தத் தரப்பையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கவரைப்பேட்டைப் பக்கம் ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்கு வைத்திருந்த குதிரையை விற்க நினைத்து, படமும் போன் நம்பரும் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, “அண்ணா, குதிரை இருக்கா?” இருப்பதால்தானே விற்கிறார். அடுத்தது, “கடைசியா எவ்ளோ?” முதல் விலையே பேசாத இடத்தில் கடைசி விலை எங்கிருந்து வரும் என்பது தர்க்க நூலார் ஆராய வேண்டிய சிக்கல். அதன்பின் ஓடுகிற வீடியோ, நிற்கிற வீடியோ, நெற்றிச் சுழி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. பழைய பல்சருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர் தனி வகை. அவரிடம் குறைந்தபட்சம் பல்சராவது இருக்கிறது. சிப்காட்டில் இரண்டு மணி ஷிப்ட் முடிந்து இரவு பத்தேகாலுக்கு அழைப்பவர், குதிரை படுத்துத் தூங்குமா, நின்றுகொண்டே தூங்குமா என்று தெரிந்துகொண்டு, திருப்தியாகப் போனை வைத்துவிடுகிறார். (இரண்டும் செய்யும்.)

இதை ஜனங்களின் குணக்கேடு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. கேள்விக்குச் செலவு இருந்த காலத்தில் சும்மா கேட்டவர்கள் குறைவு. செலவு போனதும் பெருகினார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் கப்பலில் வந்ததையும், ஒன்றுக்கு 220 தினார் என்று ஒப்பந்தம் இருந்ததையும், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அதே விலை தரப்பட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். செத்த குதிரைக்கும் பணம் எண்ணிய பாண்டியன் எங்கே, உயிருள்ள குதிரைக்கு ‘யோசிச்சு சொல்றேன்’ என்பவர் எங்கே! நம் மாட்டுச் சந்தைகளும் இதே பாடத்தைத்தான் வைத்திருந்தன. அங்கே விலை வாயால் பேசப்படாது. துண்டுக்கு அடியில் தரகர் கையைப் பிடித்து, விரலை அழுத்தி, விரலை மடக்கிப் பேசப்படும். விலை பேச வேண்டுமென்றால் ஆள் நேரில் வந்து கையை நீட்டியாக வேண்டும். போனில் நீட்டுவதற்குக் கை கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கத்தியவார், மார்வாரி குதிரைகளைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் வாங்க வந்தவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தானே? உண்மை. ஆனால் அந்த வேடிக்கைக் கூட்டம் விற்பவருக்கு வேலை செய்கிறது. பத்துப் பேர் வாயைப் பிளந்து பார்க்கிற குதிரையைத்தான் பதினோராவது ஆள் கூடுதல் விலைக்குக் கேட்கிறார். அவர்களுக்காக விற்பவர் தனியாக எதையும் செய்வதில்லை; குதிரை எப்படியும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. போனில் வரும் வேடிக்கைக்காரரோ தனியாக வந்து, தனியாக ரசித்து, தனியாகப் போகிறார். அவர் வாயைப் பிளந்ததை அடுத்தவர் பார்க்க வழியில்லை. சந்தையில் சொத்தாக இருந்த அதே ஆள் போனில் சுமையாகிறார்.

விலையை முதலிலேயே எழுதிவிட்டால் தொல்லை தீருமே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை: எழுதிய விலை, ‘கடைசி விலை’ கேட்பதற்கான தொடக்கப் புள்ளி மட்டுமே. கேள்விக்கு மறுபடி ஒரு செலவை ஏற்றுவதுதான் வழி. அதற்கான கருவியை ரயில்வே ஏற்கெனவே கும்மிடிப்பூண்டி வரைக்கும் போட்டுவைத்திருக்கிறது. “நேர்ல வாங்க, எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வந்தா ஸ்டேஷன்லயே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொன்னால் போதும். பாதிப் பேர் பேசின் பிரிட்ஜிலேயே உதிர்ந்துவிடுவார்கள். சரக்கு வண்டிக்கு வழிவிட்டு எண்ணூர் பக்கம் நிற்கிற நேரத்தையும் பொறுத்துக்கொண்டு மீஞ்சூரைத் தாண்டுகிறவர் வாங்கக்கூடியவர். பொன்னேரியிலிருந்து, “அடுத்த ஸ்டேஷன்தான்” என்று போன் செய்கிறவருக்காகக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டலாம். வந்தவர் பல்லைப் பிடித்து வயது பார்க்கட்டும், குளம்பைத் தூக்கி லாடம் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’ என்றால் அச்சாரம் என்ற சொல்லை மெதுவாக எடுக்கலாம். வெளியூர்க்காரருக்கு இது அநியாயம் என்பார்கள். குதிரையை ஏற்றிக்கொண்டு போக வண்டி பிடிக்கத் துணிந்தவருக்கு டிக்கெட் காசு ஒரு பாரமா?

கனமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது, அது விற்பவரின் கொல்லையிலிருந்தே வருகிறது. தன் குதிரைக்கு இன்ன விலை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? குதிரைக்கு அரசு நிர்ணயித்த விலை கிடையாது. ரேஷன் கடைப் பலகையிலும் எழுதிப் போடுவதில்லை. விற்பதென்று முடிவெடுத்த அன்றே, அந்தியூரில் தொடங்கி ஓசூர் வரைக்கும், இதே உயரத்தில் இதே நிறத்தில் குதிரை வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்து அழைத்திருப்பார்: “அண்ணா, குதிரை இருக்கா? கடைசியா எவ்ளோ?” வாங்கும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது, மறுமுனையில் இருந்தவர் வீடியோகூட அனுப்பிவைத்திருப்பார். எனினும் இவ்வகை அழைப்புகளை மேற்கண்ட வகைப்பாட்டில் சேர்ப்பதற்கு விற்பவர்கள் கடுமையாக ஆட்சேபிப்பதால், ‘சந்தை நிலவரம் அறிதல்’ என்ற தனித் தலைப்பில் அவை வைக்கப்படுகின்றன.