கராமாவின் வெள்ளிக்கிழமைகள்

வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தவர்கள் உங்கள் தெருவில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு வாரம் சனிக்கிழமை தொடங்கியிருக்கும், ஞாயிறு மற்றொரு வேலை நாளாகக் கழிந்திருக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் நெஞ்சில் அப்படியே நின்றிருக்கும். துபாயில் கராமாவில் நாங்கள் குடியிருந்த காலத்தில், தனியார் கம்பெனிகளில் வேலை பார்த்த பெரும்பாலோருக்கு அந்த ஒரு நாள்தான் விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் கூட்டமாகத் திரும்புகிற நேரத்துக்கு எல்லா வீட்டிலும் சாதம் வடித்திருப்பார்கள், யாருடைய வீட்டில் யார் சாப்பிடுவது என்பது மட்டும் முடிவாகாமல் இருக்கும். 2006-ல் அரசு வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது. 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு என்றாகி, வெள்ளி அரை நாள் வேலையாகிவிட்டது. மற்ற நாடுகளோடு வியாபாரம் செய்கிற ஊருக்கு அது வசதிதான், என் மகளுக்கும் மருமகனுக்கும் இரண்டு முழு நாள் ஓய்வு கிடைப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம், வெள்ளிக்கிழமை காலையில் மருமகன் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தால், இன்றைக்கு யார் வீட்டில் சாப்பாடு என்று வாய்வரை வந்துவிடுகிறது.

நான் அங்கே போனது 1989-ல். மறு வருஷம் கல்யாணம் முடித்துவிட்டு, மனைவிக்கு விசா எடுக்கக் காகிதங்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 2-ஆம் தேதி இராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. குவைத்திலிருந்த நம்மவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாலைவனம் தாண்டி ஜோர்டானுக்கு வந்து, அம்மானிலிருந்து விமானம் ஏறினார்கள். 1,70,000-க்கும் அதிகமான இந்தியர்களை அப்படி நாடு திரும்ப அழைத்து வந்ததை நீங்களும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். "எல்லாம் ஓயட்டும் மாப்பிள்ளை" என்று மாமனார் கடிதம் எழுதினார். ஓய்ந்தபிறகு, 1991-ன் உச்சிக் கோடையில், விமானத்திலிருந்து இறங்கிய என் மனைவி முகத்தில் அடித்த அனலில் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கையில் மன்னார்குடியிலிருந்து கொண்டுவந்த வடாமும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்த பை.

இரண்டு படுக்கையறை வீட்டில் ஓர் அறை எங்களுக்கு, ஓர் அறை திருச்சூர்க்காரத் தம்பதிக்கு; கூடமும் சமையலறையும் பொது. அன்றைய சம்பளத்தில் தனி வீடு எடுக்க முடியாது. புதிதாகக் குடித்தனம் வைத்த எத்தனையோ பேர் அப்படித்தான் தொடங்கினோம். அடுப்பு மேடையின் இடது பாதி சேச்சிக்கு, வலது பாதி என் மனைவிக்கு. குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டு அவர்களுடையது, கீழ்தட்டு எங்களுடையது. மீன் வாடையே அறியாத வீட்டில் வளர்ந்தவள் என் மனைவி. முதல் சில நாட்கள் சேச்சி மத்தி பொரிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது தெரிந்த சேச்சி ஒன்றும் சொல்லவில்லை. வியாழன் இரவும் வெள்ளி காலையும் மீன் சமைப்பதையே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விளக்கேற்றும் நாள் என்று அவராகவே கவனித்திருக்கிறார். சில மாதங்களில், அவர் வேலைக்குப் போயிருக்கும்போது அடுப்பில் இருக்கும் மீன் குழம்பை நேரம் பார்த்து இறக்கிவைப்பவள் என் மனைவியாகியிருந்தாள். இது பெரிய செய்தியா என்று கேட்கலாம். எனக்குப் பெரிய செய்திதான். அவரவர் வீட்டில் ஒரு தலைமுறையில் மாறாத வழக்கம், அந்தச் சின்னச் சமையலறையில் யாரும் யாரையும் கேட்காமலே நகர்ந்து கொடுத்தது.

மாடியில் கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். ஊர் வழக்கப்படி அவரைக் காக்கா என்றும் அவர் மனைவியை லாத்தா என்றும் கட்டடம் முழுக்கக் கூப்பிட்டது. எங்கள் மாடிப்படி வரிசையில் தொலைபேசி இருந்தது அவர் வீட்டில் மட்டும். எங்கள் ஊரிலோ வீட்டுக்குத் தொலைபேசி கிடையாது. எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடை எண்தான் எங்களுக்குப் பி.பி. நம்பர். அந்த நாளில் பி.பி. என்ற இரண்டு எழுத்தைக் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆக, இரண்டு முனையிலும் அடுத்தவர் வீட்டுத் தொலைபேசி. முதலில் கூப்பிட்டு, "அம்மாவை வரச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல திரும்பப் பண்றேன்" என்று வைத்துவிடவேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு லாத்தா டீ போட்டுவிடுவார். அங்கே கடைப்பையன் ஓடிப்போய் அம்மாவை அழைத்து வருவான். மறுபடி இணைப்புக் கிடைத்ததும் அம்மா முதலில் கேட்பது, "யார் வீட்டிலேர்ந்து பேசறே, அவாளுக்குத் தொந்தரவா இல்லையே?" என்பதுதான். எனக்குப் பிறகு மனைவி, அவளுக்குப் பிறகு லாத்தாவே வாங்கி "அம்மா, நல்லா இருக்கீங்களா, மருமகளை நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒரு வார்த்தை. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு பெண்களுக்குள் அப்படி ஒரு சிநேகம் வளர்ந்து, அம்மா அனுப்புகிற பார்சலில் லாத்தாவுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் சாம்பார்ப்பொடி வர ஆரம்பித்தது. லாத்தா ஊருக்குப் போய்வரும்போது கொண்டுவரும் தொதலில் பாதி எங்களுக்கு.

தேராவில் ஹம்ரியா மார்க்கெட் இருந்ததே, அங்கே தக்காளியும் வெங்காயமும் பெட்டிக் கணக்கில் வாங்கினால்தான் மலிவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி தக்காளி எதற்கு? அதனால் வியாழன் இரவு காக்காவின் பழைய காரில் மூன்று நான்கு வீட்டு ஆண்களும் போய், பெட்டிகளை மாடிப்படியில் இறக்கி, கூறுபோட்டுக்கொள்வோம். பழுத்ததை யார் எடுப்பது, காயை யார் எடுப்பது என்று பேசிக்கொண்டே மணி பதினொன்றாகிவிடும். அந்தப் படிக்கட்டில் தீர்ந்த கதைகள் எத்தனை! வேலை போகப்போகிறது என்ற பயம், தங்கை கல்யாணத்துக்குக் குறைகிற பணம், ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் பாதிச் சுவர், எல்லாமே தக்காளியோடு பங்கு போடப்பட்டன. பிறகு அந்தச் சந்தை அவீருக்குப் போய்விட்டது. இப்போது மகள் கைபேசியில் தட்டினால் கால் கிலோ தக்காளி, ஒரே அளவில், ஒரே நிறத்தில், வாசலுக்கு வந்து நிற்கிறது. கொண்டுவந்த பையன் மணியடித்துவிட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுகிறான்.

எங்கள் மகள் பிறந்தது 1993 மார்ச்சில், நோன்பு மாதத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் முறை. ஆனால் மனைவி விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியாரை அழைக்க விசாவும் டிக்கெட்டும் சட்டென்று கைகூடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையும் அவளுமாக வீட்டுக்கு வந்த நாளில், துணைக்கு யாருமில்லாமல் இதை எப்படிச் சமாளிக்கப்போகிறோம் என்று நான் கலங்கிக்கொண்டிருக்க, சேச்சி லீவு சொல்லிவிட்டு வெந்நீர் போட்டு வைத்திருந்தார். நாற்பது நாளும் பத்தியச் சமையல் அவர் பொறுப்பு. பூண்டுக் குழம்பு என் மாமியார் கடிதத்தில் எழுதிய பக்குவத்தில், உள்ளி லேகியம் சேச்சியின் அம்மா திருச்சூரிலிருந்து அனுப்பிய பக்குவத்தில். குழந்தையைக் குளிப்பாட்ட லாத்தா மாடியிலிருந்து இறங்கி வருவார். விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பருகாமல், காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதன்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை உருவிவிட்டு, சாம்பிராணிப் புகை காட்டி, துணியில் சுற்றி என் கையில் கொடுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கும். "நோன்பு திறந்தப்புறம் வரக்கூடாதா லாத்தா?" என்று கேட்டால், "பிள்ளைக்கு வெயில் நேரத்துலதான் குளிப்பாட்டணும் தம்பி" என்பார். மாலையில் பாங்கு சொன்னதும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். மகள் முதலில் பேசிய சொற்களில் பாதி மலையாளம், கொஞ்சம் கீழக்கரைத் தமிழ்; மன்னார்குடிப் பாட்டி அவள் பேச்சைப் புரிந்துகொள்ளவே முதல் விடுமுறை முழுதும் ஆயிற்று.

பிள்ளைகள் வளர்ந்தபோது ஊரும் வளர்ந்தது. 1979-ல் கட்டிய 39 மாடி உலக வர்த்தக மையம்தான் நாங்கள் போனபோது அங்கே உயரம். அன்றைய நூறு திர்ஹம் நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்த அந்தக் கட்டடத்தை மகளுக்குக் காட்டி, அதைத் தாண்டினால் மணல்தான் என்று சொல்லியிருக்கிறேன். அதைத் தாண்டித்தான் 2010 ஜனவரியில் 828 மீட்டர் உயரத்துக்கு புர்ஜ் கலீஃபா எழுந்தது. 2009-ல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்பு எங்களுக்கு உல்லாசப் பயணம் என்றால் தேரா பக்கமிருந்து அப்ராவில் ஏறி, அரை திர்ஹம் கொடுத்து, கடல்கழியைக் கடந்து பர்துபாய் இறங்கி, துணிக்கடைச் சந்துகளுக்குள் இருந்த கோயிலுக்குப் போவதுதான். செருப்பை விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மல்லிகைச் சரம் விற்பார்கள். அதை வாங்கி மனைவி தலையில் வைத்துக்கொண்டு சேச்சிக்கும் ஒரு முழம் முடிந்து வைப்பாள். 2024 ஜனவரியில் அந்தச் சந்துக் கோயிலை மூடி வழிபாட்டை ஜெபல் அலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதிய கோயில் விசாலமாக, பளிங்குத் தரையோடு, வண்டி நிறுத்த இடத்தோடு அழகாக இருக்கிறது. வயதான என் முழங்காலுக்கு அது எவ்வளவோ மேல். படகிலிருந்து இறங்கிக் கோயிலுக்குப் போகிற அந்த நடையைத்தான் மனசு தேடுகிறது.

மகளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மணமாகி, இப்போது உயரமான கோபுரம் ஒன்றில் குடியிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் குரலழைப்பு அந்த நாட்டில் போகாது. அதனால் வேறொரு செயலியில் தினமும் எங்களைக் கூப்பிடுகிறாள். பேரனின் ஆட்டம் பாட்டமெல்லாம் மன்னார்குடியில் உட்கார்ந்தபடி பார்க்கிறோம். என் அம்மா மருந்துக்கடை வாசலில் நின்று என் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய நாட்களை நினைத்தால், இந்த வசதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை: எங்களிடம் இல்லாத ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்தது. தொலைபேசி இல்லாததால் மாடிக்குப் போனோம், கார் இல்லாததால் காக்காவோடு போனோம், அம்மா பக்கத்தில் இல்லாததால் சேச்சி அம்மாவானார். ஒவ்வொன்றாக எல்லாம் வீட்டுக்குள் வந்தபோது, அந்தக் கதவுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. என் மகள் நல்லவள், சிநேகமானவள். குடியேறி இரண்டு வருஷமாகியும் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாததற்குக் காரணம் குணமல்ல, தேவை ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 16 அன்று நாங்கள் அங்கேதான் இருந்தோம். 1949-ல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து அந்த நாடு காணாத மழை. அல்ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாள்கூட முடிவதற்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. மகள் வீட்டுக் கட்டடத்தில் தரைக்குக் கீழே இருந்த கார் நிறுத்துமிடத்துக்குள் வெள்ளம் இறங்கி, மின்சாரம் போய், லிஃப்ட் நின்றது. அடுப்பும் மின்சாரத்தில் எரிவது. குழாயில் தண்ணீர் ஏறவில்லை. மருமகன் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டான். படிக்கட்டில் கைபேசி வெளிச்சத்தில் தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார்கள், நின்ற இடத்தில் பெயர் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் கேனைப் பாதி வழியில் கையிலிருந்து வாங்கிக்கொண்ட இளைஞர்தான் எதிர்வீட்டுக்காரர் என்று மேலே வந்தபிறகுதான் தெரிந்தது. சிரியாவிலிருந்து வந்த குடும்பம், பேரன் வயதிலேயே ஒரு பையன். கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது கொண்டுபோகிற சின்ன எரிவாயு அடுப்பு அவர்களிடம் இருந்தது. எங்களிடம் அரிசியும் பருப்பும் இருந்தன.

மகளின் கைபேசி அடித்தது. கீழக்கரையிலிருந்து லாத்தா. காக்கா காலமாகி வெகுநாள் ஆகிறது; மகன் வீட்டில் இருக்கிறார். தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் தான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போயிருக்கிறார். எல்லாரும் நலம் என்று சொன்னபிறகும் அவர் வைக்கவில்லை. "சாப்பாட்டுக்கு என்ன செய்யுறீங்க?" என்றார். எதிர்வீட்டு அடுப்பில் கஞ்சி வைக்கப்போவதாக என் மனைவி சொன்னாள். அரிசியை லேசாக வறுத்து உடைக்கச் சொன்னார், வெந்தயம் கொஞ்சம் போடச் சொன்னார், இஞ்சி பூண்டு தட்டிப்போடச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டு, பிள்ளைகளையும் சேர்த்து ஏழு என்றதும், "அப்ப இன்னும் ரெண்டு பிடி கூடப் போடு, படியில ஏறி வர்றவங்க வருவாங்கல்ல" என்றார். மனைவி போட்டாள். அந்த வீட்டுப் பெண் குப்பூஸும் ஆலிவ் காயும் எடுத்து வைத்தாள். எங்கள் மகள் இரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் அடியில் செருப்பை அணைகொடுத்துத் திறந்து வைத்துவிட்டு, மேல்மாடிக்குப் போகிறவர்களைச் சாப்பிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.