கால் சுற்று சுற்றினால்தான் திரும்புகிறது!

கேள்வி: கிராஞ்சிப் பண்ணையில் பழைய தோட்ட டிராக்டர் ஓட்டுகிறேன். ஸ்டீயரிங்கைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. இடப்பக்கம் வேறு இழுக்கிறது. ஸ்டீயரிங்கையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
– வாசகர், தேக்கா

பதில்: பர்ஸைத் திறப்பதற்கு முன் டயரைப் பாருங்கள். இடது முன்சக்கரத்தில் காற்று இறங்கினாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். கார் டயர் என்று நினைத்து 30 பவுண்டு அடித்துவிடாதீர்கள்; இவ்வகை வண்டிகளின் முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 14 பவுண்டு அளவில் போதும்.

அடுத்து, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, நண்பரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே குனிந்து பாருங்கள். கையின் அசைவு எந்த இடத்தில் காணாமல் போகிறதோ, அங்கேதான் திருடன்! டை ராட் முனையின் பால் ஜாயின்ட், சக்கரத் தண்டின் புஷ், முன் அச்சைத் தாங்கும் நடு போல்ட் என்று வரிசையாகச் சோதியுங்கள்.

எல்லாம் இறுக்கமா? அப்படியானால் ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் பல்சக்கரத்தைப் பாருங்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப்பற்கள்தான் முதலில் தேயும். நேராக இருக்கும்போது லொடலொடவென ஆடி, முழுதாகத் திருப்பினால் இறுகுகிறதா? அப்போதுதான் அதை மாற்ற வேண்டும்.

பழைய பாகம் தேட சுங்கை ரோடு சந்தை இல்லை. 2017 ஜூலை 10-இல் மூடிவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. தேய்ந்தது புஷ்தான் என்றால், அதைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், சக்கரத் தண்டையும் சேர்த்து. இரண்டையும் அளந்தால்தான் சரியாகப் பொருந்தும்.