டெம்பரரி - எடுக்காதீர்

நேற்றிரவு மெயின்டனன்ஸ் வேளையில், அம்பத்தூர்ப் பக்கத்து டேட்டா சென்டர் ஒன்றில், ஒரு ரேக்கின் பின்கதவைத் திறந்தவுடன் என் கண்ணில் பட்டது, மேலேயுள்ள ட்ரேயிலும் ஏறாமல், பக்கவாட்டுக் கேபிள் மேனேஜரிலும் நுழையாமல், மூன்று சர்வர்களின் விசிறிகளுக்குக் குறுக்கே பூணூல்போல் சரிந்து தொங்கிய ஒரு நீலப் பேட்ச் கார்டும், அதன் கழுத்தில் பேனாவால் எழுதி ஒட்டப்பட்டிருந்த 'டெம்பரரி - எடுக்காதீர்' என்ற சீட்டுந்தான். எழுதியவர் உத்தியோகத்தை விட்டுப் போய்விட்டார். அவர் போய் எத்தனை தீபாவளி கழிந்ததென்பதைச் சீட்டின் பழுப்பேறிய விளிம்பைக் கொண்டு ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேலதிகாரிக்குப் போன் செய்து, "சார், இதை எடுத்தால் என்ன ஆகும்?" என்று விசாரித்தேன்.

"எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்" என்றார்.

"அப்படியானால் எடுத்துவிடட்டுமா?"

"ஐயையோ, நான் சொன்னதாக டிக்கெட்டில் எழுதிவிடாதீர்கள்!"

கேபிளுக்கு லேபிள் இடும் முறையைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். டிஐஏ-606 என்றொரு தரவிதி இதற்கென்றே இருக்கிறது. அதன் சாரத்தை வாசகர்களுக்கு எளிமையாக எடுத்துரைக்கப் போகிறேன். அதற்கு முன்பாக, இந்த டெம்பரரி ஜாதியைப் பற்றிச் சற்றே பேசிவிட்டு வருகிறேன்.

இவற்றில் பெரும்பாலானவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜனிப்பவை. வேண்டியது இரண்டு மீட்டர் கார்டு. கையிலிருப்பதோ ஐந்து மீட்டர். "இப்போதைக்கு இதைப் போடுங்கள், திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் அருள்வாக்குச் சொல்ல, மிஞ்சிய மூன்று மீட்டரும் சுருளாகச் சுருட்டப்பட்டு, சர்வர் வெப்பக் காற்றை வெளியேற்றும் துவாரத்துக்கு நேர் எதிரே சாசுவதமாகக் குடியேறிவிடும். உள்ளே நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பதே உத்தமம் என்று அமெரிக்காவின் ஆஷ்ரே சங்கத்தார் சிபாரிசு செய்திருக்கிறார்கள். வெளியே போகும் காற்றுக்கு முன்னால் பாம்புச் சுருளாகக் கிடக்கும் கேபிளைப் பற்றி அந்தப் பெரியோர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். நீளம் போதாத கார்டு இரண்டைக் கப்ளர் வைத்து நடுவழியில் கோத்து, அந்த முடிச்சை யாரும் காணாதபடி தரைப்பலகைக்கடியில் மறைத்துவைப்பது மற்றொரு வகை. ஒருமுனை போர்ட்டிலும் மறுமுனை ஆகாயத்திலுமாக எவ்வித உபயோகமுமின்றித் தொங்குவது இன்னொன்று. அதில் சமிக்ஞையும் இல்லை, ஜீவனும் இல்லை. ஆயினும் 'எடுக்காதீர்' என்ற கட்டளை இருப்பதால், அதைத் தொடும் தைரியம் வந்துபோன எந்த டெக்னீஷியனுக்கும் உண்டானதில்லை. கதவைச் சாத்த முடியாமற்போனபோது கதவையே கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்த விசேஷமும் உண்டு. அந்தக் கதவிலும் ஒரு சீட்டு, அதிலும் 'டெம்பரரி.'

இவற்றின் மூலத்தைக் கண்டுபிடிப்பது வேதாந்த விசாரம். டோனரைக் கொண்டு ஒலியனுப்பிக் கேபிளின் மறுமுனையைத் தேடலாமென்றால், முதலில் இந்த முனையைப் பிடுங்க வேண்டும். பிடுங்குவதென்றால் அது யாருடையதென்று தெரிந்திருக்க வேண்டும். யாருடையதென்று தெரிந்துகொள்ளத்தானே ஐயா டோனரையே கையில் எடுத்தேன்! சரி, ஸ்விட்சுக்குள்ளேயே லாகின் செய்து, நாற்பத்தெட்டுப் போர்ட்டுகளில் அந்த நீலக் கார்டு செருகியிருந்த ஒன்றுக்கு எவராவது விவரக்குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். எழுதிவைத்திருந்தார்கள்: 'டெம்ப்.' போர்ட்டின் பச்சை விளக்கோ கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதன் வழியே ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலே போய்க்கொண்டிருக்கலாம். அல்லது காலாவதியான பிரிண்டர் ஒன்று, 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று சூனியத்தை நோக்கி அறிவித்துக்கொண்டும் இருக்கலாம்.

இத்தனைக்கும் நான் இந்தத் தொழிலில் சிரத்தையுள்ளவன். வெள்ளை-ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பில் முடியும் எட்டுக் கம்பிகளின் வர்ணவரிசையைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்கு ஒயர்கள் பின்னிக்கிடப்பதைக் கண்டால் என் கை தானாகவே பையிலுள்ள வெல்க்ரோவைத் துழாவும்; "வந்த இடத்திலாவது சும்மா இருங்களேன்" என்று இல்லத்தரசி அடக்கிவைப்பாள். உறவினர்களோ என்னை 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். முன்புறம் குளிரில் மூக்கடைத்து, பின்புறம் அனலில் வியர்த்து, நாற்பத்திரண்டு யூ உயரமுள்ள இரும்புக் கூட்டின் அடித்தட்டைப் பார்க்க மண்டியிடுகிறவனுக்கு அந்த மரியாதையே அதிகம் போலும்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம் கடலடியில் கேபிள் பதித்து, 2020 ஆகஸ்டில் சேவையையும் ஆரம்பித்துவிட்டார்கள். கடலடிக் கேபிள்கள் செல்லும் பாதையை, மாலுமிகள் தெரியாமல் நங்கூரம் பாய்ச்சிவிடக் கூடாதே என்பதற்காகக் கடல் வரைபடங்களில் குறித்துவைக்கிறார்கள். அலையும் மீனும் தவிர வேறு சாட்சியற்ற சமுத்திரத்திலேயே அது சாத்தியமாயிருக்க, குளிரூட்டிய அறையில், பிரகாசமான விளக்கின் கீழ், கைக்கெட்டும் தூரத்திலுள்ள ஐந்து மீட்டர்க் கேபிள் எங்கிருந்து எங்கே போகிறதென்று குறிக்க ஒருவருக்கும் அவகாசமில்லை! அவகாசம் இல்லாமலில்லை, தன் அவசரத்தை, முகந்தெரியாத இன்னொருவனின் முழங்காலில் ஏற்றிவிட்டுப் போகும் சௌகரியம் மனிதருக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

லேபிள் இடும் முறைக்கு வராமலே பக்கம் தீர்ந்துவிட்டது. பாதகமில்லை, சொல்லியிருந்தாலும் நீங்கள் கேட்டிருக்கப் போவதில்லை. ஆகவே 'எடுக்காதீர்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் புறப்படும் புண்ணியவான்களை ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: அதே சீட்டில், எப்போது எடுக்கலாம் என்ற தேதியையும் உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள், இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் தயவுசெய்து எடுங்கள்.