வகுப்பில் சத்தம் கேட்டது தொடர்பாக

அனுப்புநர்:
இயற்பியல் ஆசிரியர், பதினோராம் வகுப்பு 'பி' பிரிவு.

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்.

ஐயா,

பொருள்: ஸ்மார்ட் போர்டு – பயன்பாடு – வகுப்பில் சத்தம் – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எல்லா வகுப்புகளிலும் மாணவர் பங்கேற்புடன் பாடம் நடக்க வேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கை. 2. வகுப்பில் சத்தம் கேட்டதற்காக எனக்கு வந்த மெமோ.

பார்வை ஒன்றுக்குக் கீழ்ப்படிந்ததால்தான் பார்வை இரண்டு வந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பலகை நலமாக உள்ளது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். 'மாணவர்கள் தொடக் கூடாது, மீறினால் அபராதம்' என்று தாங்கள் ஒட்டச் சொன்ன தாளும் அந்தத் தொடுதிரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. கரும்பலகையின் நடுவில் ஸ்மார்ட் போர்டை மாட்டியதால், இரண்டு ஓரங்களிலும் மிஞ்சிய இடத்தில் கணக்குப் போடுகிறேன். நீளமான சமன்பாடு இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் முடிகிறது. சமக்குறியை மாணவர்கள் ஊகித்துக்கொள்கிறார்கள். ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் கட்டும் பிள்ளைகளுக்கு இந்த அளவு ஊகம்கூட வராதா என்ன?

தினமும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய புகைப்படத்தையும் தவறாமல் போடுகிறேன். விரல் பலகையில், முகம் கேமராவில்.

பயிற்சியாளர் வந்து கஹூட் என்ற வினாடி வினாக் கருவியைக் கற்றுக்கொடுத்தார். நார்வேயில் உருவாகி 2013-இல் வெளியானதாம். திரையில் கேள்வி வரும். சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என நான்கு விடைகள். மாணவர்கள் தங்கள் கைபேசியில் ஒன்றை அழுத்த வேண்டும். சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, சீக்கிரம் சொன்னால்தான் புள்ளி அதிகம். நின்று யோசிப்பவனுக்குக் குறையும். நீட் கோச்சிங்குக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் நம் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது. ஒரே தடங்கல், கைபேசி கொண்டுவந்தால் பறித்து ஆண்டு இறுதியில்தான் தருவோம் என்பதும் தங்கள் சுற்றறிக்கையே.

ஆகவே நான் வண்ண அட்டைக்குப் போனேன். மெமோவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். நியூட்டனின் விதிகளை நன்றாக நடத்தியதாக அவர் நம்பிக்கொண்டிருந்தபோது, மிக எளிய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டார். மனிதர் அரண்டுபோனார். 1991-லிருந்து வேறு வழி பிடித்தார். ஒரு கேள்வி கேட்பது, ஆளாளுக்குத் தனியாக விடை சொல்லவைப்பது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிடுவது, மறுபடி விடை கேட்பது. பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கிளிக்கர் கருவியெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. அந்தக் கிளிக்கருக்கும் சாதாரண அட்டைக்கும் கற்றலில் வித்தியாசம் தெரியவில்லை என்று கனடாக் கல்லூரி ஒன்றில் நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்திருக்கிறது. பலகை விற்றவர் இதைத் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

நான் கேட்ட கேள்வி இதுதான்: லாரியும் டிவிஎஸ் 50-உம் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? வகுப்பே 'லாரி' என்று சிவப்பு அட்டையைத் தூக்கியது. மூன்றாம் விதியை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிற அதே வகுப்பு, ஐயா. பக்கத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்றேன். "சார், எங்க மாமா வண்டியப் பாத்திருந்தா நீங்க இப்படிக் கேக்கவே மாட்டீங்க" என்று ஒருவன் எழுந்தான். வருகைப் பதிவுக்கு மட்டுமே வாய் திறக்கும் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "விசை ரெண்டுக்கும் ஒண்ணுதான்டா, வண்டி எடை கம்மி, அதான் தூக்கி எறியுது" என்று கத்தினாள். அவனும் கத்தினான். இரண்டு கட்சியாகப் பிரிந்து எல்லோரும் கத்தினார்கள். இரண்டாம் முறை 'இரண்டும் சமம்' என்ற பச்சை அட்டைகள் மேலே வரும் நேரம் பார்த்துத் துணை முதல்வர் உள்ளே வந்தார். அமைதியாக இருந்த பக்கத்து வகுப்பைப் பாராட்டிவிட்டுப் போனார். அங்கே ஸ்மார்ட் போர்டில் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

தங்களுக்குப் பங்கேற்பு பிடிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டு விழாவில் மென்டிமீட்டர் என்ற வாக்கெடுப்புக் கருவியை வைத்துப் பெற்றோரிடம் தாங்களே கேட்டீர்கள், 'நம் பள்ளி என்றதும் நினைவுக்கு வரும் ஒரு சொல்' எது என்று. அதிகம் பேர் எழுதும் சொல் திரையில் பெரிதாகத் தெரியும் என்பது ஏற்பாடு. 'கட்டணம்', 'கட்டணமே', 'கட்டணத்தால்', 'ஃபீஸ்', 'பீஸ்', 'பீஸு' என்று பெற்றோர் எழுதித் தள்ளினார்கள். கருவி ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாக எண்ணியதால் எல்லாம் பொடிப் பொடியாக ஓரத்தில் ஒதுங்கின. ஆசிரியர்கள் உத்தரவுப்படி ஒரே எழுத்துக்கூட்டலில் அடித்த 'சிறப்பு' நடுவில் பிரம்மாண்டமாக நின்றது. கைதட்டலும் பலமாக இருந்தது. நிர்வாகம் வேற்றுமை உருபுகளுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று தமிழம்மா என் காதில் சொன்னார். அவருக்கு மெமோ அனுப்ப வேண்டாம், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

மெமோவுக்கு என் விளக்கம்: சத்தம் கேட்டது உண்மை. சத்தமில்லாமல் வாதாடும் முறை ஏதேனும் இருந்தால் அடுத்த பயிற்சியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆசிரியர் கூட்டத்தையும் இதே முறையில் நடத்தலாம் என்று யோசனை. பலகை வாங்கும் முன் வகுப்பெடுப்பவர்களைக் கேட்டிருக்க வேண்டுமா, இல்லையா என்பது முதல் கேள்வி. அட்டைகளை நானே கொண்டுவருகிறேன், ரசீது தர மாட்டேன். யார் எந்த நிறம் தூக்கினார்கள் என்று தெரியாமலிருக்க எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தாங்கள் முதலில்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இயற்பியல் ஆசிரியர்.